பழைய லென்ஸ் புது கேமராவுக்குப் பொருந்துமா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி ஊழியரான நம் உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுக்குப் பின் நடந்த கேள்வி பதில்களும் கடைசியில் சேர்க்கப்பட்டுள்ளன.)



ஆடி 18 நெருங்குகிறது. செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு நம் குடியிருப்பிலிருந்து இந்த வருடம் ஒரு வேன் போகிறது. கேமரா வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள், நல்ல படங்களை நம் செய்திமடலில் போடலாம் என்று செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். அன்றிலிருந்து என் வீட்டு அழைப்பு மணி ஓயவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான். "சார், பையன் ஃபுல் ஃப்ரேம் பாடி வாங்கிக் கொடுத்திருக்கான். லென்ஸ் வாங்கவில்லை. பழைய கேமராவோடு வந்த லென்ஸ் பீரோவில் இருக்கிறது. அதையே மாட்டிக்கொள்ளலாமா?"

ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, எல்லோருக்கும் ஒரே தடவையாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன். நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கிக் கவுண்டரில். ஒளியியல் பாடம் நடத்தத் தெரியாது. கணக்கு வழக்காகச் சொல்லத் தெரியும். அப்படியே சொல்கிறேன்.

லாக்கருக்கு இரண்டு சாவி

வங்கியில் லாக்கர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று வங்கியிடம் இருக்கும், இன்னொன்று உங்களிடம் இருக்கும். ஒரு சாவி துளைக்குள் போய்ச் சுகமாகத் திரும்பிவிட்டது என்பதற்காகக் கதவு திறந்துவிடாது.

லென்ஸ் பொருத்தமும் அப்படித்தான். முதல் சாவி மவுண்ட். லென்ஸின் பின்பக்க வளையம் கேமராவின் முன்பக்க வளையத்தில் சரியாகப் பூட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது சாவி பட வட்டம். அந்த லென்ஸ் உள்ளே பாய்ச்சுகிற வெளிச்ச வட்டம், கேமராவுக்குள் இருக்கும் சென்சார் முழுவதையும் மூடுகிறதா என்று பார்ப்பது.

விற்பவர் "மாட்டும் சார்" என்று சொன்னால், அவர் முதல் சாவியைப் பற்றித்தான் சொல்கிறார். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் இரண்டாவது சாவியைப் பற்றி நாமாகக் கேட்டால்தான் பதில் வரும்.

பட வட்டம் என்றால் என்ன? ராத்திரி கரண்ட் போனதும் டார்ச் அடிக்கிறோம். சுவரில் வெளிச்சம் வட்டமாக விழுகிறது. அந்த வட்டத்துக்குள் சுவர்க் காலண்டர் முழுதாக அடங்கினால் காலண்டர் முழுக்கத் தெரியும். காலண்டர் பெரிதாக இருந்தால் நடுவில் மட்டும் வெளிச்சம், நான்கு மூலையும் இருட்டு. டார்ச்தான் லென்ஸ். காலண்டர்தான் சென்சார்.

இப்போது அளவுகள். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். மூலைக்கு மூலை அளந்தால் 43 மி.மீ.க்குச் சற்று மேலே. கிராப் சென்சார் என்று நாம் சொல்வது நிகான், சோனி போன்றவற்றில் சுமார் 23.5-க்கு 15.6 மி.மீ. கேனனில் இன்னும் கொஞ்சம் சிறிது, சுமார் 22.3-க்கு 14.9 மி.மீ. மூலைக்கு மூலை 27, 28 மி.மீ.தான். கிராப் கேமராவுக்கென்றே செய்த லென்ஸின் வட்டம் இந்த 28-ஐ மூடினால் போதும் என்றுதான் வடிவமைத்திருப்பார்கள். அதைக் கொண்டுபோய் 43 மி.மீ. சென்சார் முன்னால் வைத்தால் மூலை கறுக்காமல் என்ன செய்யும்?

இந்த இரண்டு அளவு எங்கிருந்து வந்தது?

36-க்கு 24 என்பது டிஜிட்டல் காலத்து அளவு இல்லை. ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஓஸ்கர் பார்னாக், 35 மி.மீ. சினிமா ஃபிலிமைக் கிடைமட்டமாக ஓடவிட்டு, ஒரு படத்துக்கு இந்த அளவு என்று வைத்துச் சிறிய கேமரா ஒன்றைச் செய்தார். அது 1925-ல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதன்பின் உலகம் முழுவதும் அதுவே அளவாகிவிட்டது. நம் ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த இந்து கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோலை, 35 மி.மீ. கேமராவில் போட்டு எடுத்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்த நெகட்டிவின் அளவும் இதுதான். ஆக, நாம் அந்தக் காலத்தில் ஃபுல் ஃப்ரேமில்தான் எடுத்துக்கொண்டிருந்தோம், அந்தப் பெயர் தெரியாமலே.

டிஜிட்டல் வந்தபோது அவ்வளவு பெரிய சென்சாரைச் செய்வது பெருஞ்செலவாக இருந்தது. விரித்து வைத்த மாவில் சின்ன மூடியால் வெட்டினால் நிறைய பூரி கிடைக்கும், பெரிய மூடியால் வெட்டினால் குறைவாகத்தான் கிடைக்கும். சிலிக்கான் தகட்டிலும் அதே கதை. பெரிய சில்லு என்றால் எண்ணிக்கை குறைவு, நடுவில் ஒரு சின்னப் பழுது இருந்தாலும் பெரிய துண்டு வீண். அதனால் 1999-ல் வந்த நிகான் டி1, 2003-ல் வந்த கேனன் 300டி போன்றவை சிறிய சென்சாரோடு வந்தன. சென்சார் சிறிதாக இருக்கும்போது லென்ஸ் மட்டும் ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்று, வட்டம் சிறிய, எடை குறைந்த, விலை குறைந்த லென்ஸ்களைச் செய்தார்கள். நம் வீடுகளில் பெண் கல்யாணத்துக்கும் பேரன் காதுகுத்துக்கும் வாங்கிய கேமராக்களோடு வந்த 18-55, அதோடு சேர்த்துக் கொடுத்த 55-200, 55-250 எல்லாம் அந்த வகைதான். நல்ல லென்ஸ்கள். தங்கள் அளவு கேமராவில் குறை சொல்ல முடியாத படம் தருபவை.

லென்ஸில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

உங்கள் லென்ஸ் எந்த வகை என்று யாரையும் கேட்க வேண்டாம். முன்வளையத்திலோ பக்கவாட்டிலோ ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பார்கள். காசோலையில் கையெழுத்தைப் பார்ப்பது மாதிரி, முதலில் அதைப் பாருங்கள்.

நிகானில் டி.எக்ஸ். என்று இருந்தால் கிராப் லென்ஸ். கேனனில் இ.எஃப்.-எஸ்., ஆர்.எஃப்.-எஸ். என்று எஸ் சேர்ந்திருந்தால் கிராப். வெறும் இ.எஃப்., ஆர்.எஃப். என்றால் ஃபுல் ஃப்ரேம். சோனி மிரர்லெஸ்ஸில் இ என்று மட்டும் இருந்தால் கிராப், எஃப்.இ. என்றால் ஃபுல் ஃப்ரேம். சிக்மாவில் டி.சி. கிராப், டி.ஜி. ஃபுல் ஃப்ரேம். டாம்ரானில் டி.ஐ. என்பதை அடுத்து ரோமன் எண்ணில் இரண்டு போட்டிருந்தால் கிராப். எண் எதுவும் இல்லாத டி.ஐ. ஃபுல் ஃப்ரேம். மூன்று போட்டிருந்தால் மிரர்லெஸ்ஸுக்கானது, பெரும்பாலும் ஃபுல் ஃப்ரேமை மூடும். மூன்றுக்குப் பின் ஏ சேர்ந்திருந்தால் மறுபடியும் கிராப். இதை நம் அறிவிப்புப் பலகையிலும் எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

வகை தெரிந்துவிட்டது. மாட்டினால் என்ன ஆகும்? இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

நிகான் எஸ்.எல்.ஆர்.: டி.எக்ஸ். லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் பாடியில் பூட்டிக்கொள்ளும். கேமரா அதைத் தானே கண்டுபிடித்து, சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும். இந்தத் தானியங்கி வெட்டை மெனுவில் போய் நிறுத்தி, முழுச் சென்சாரிலும் எடுக்கலாம். அப்போது மூலை கறுக்கும்.

கேனன் எஸ்.எல்.ஆர்.: இ.எஃப்.-எஸ். லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் பாடியில் பூட்டவே பூட்டாது. லென்ஸில் வெள்ளைச் சதுரக் குறி இருக்கும், பாடியில் சிவப்புப் புள்ளி மட்டும்தான் இருக்கும். அந்த லென்ஸின் பின்பகுதி கொஞ்சம் உள்ளே நீண்டிருக்கும். ஃபுல் ஃப்ரேம் பாடியின் கண்ணாடி பெரிது, மேலே எழும்போது லென்ஸில் இடிக்கலாம். அதனால்தான் நுழையாதபடி செய்துவைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அழுத்தித் திருகிப் பார்க்காதீர்கள். ஆனால் சிக்மா டி.சி., டாம்ரானின் இரண்டாம் எண் போன்ற வெளிக் கம்பெனி கிராப் லென்ஸ்கள் சிவப்புப் புள்ளியோடு வருவதால் உள்ளே போய்விடும். படத்தில்தான் கறுப்பு வட்டம் தெரியும்.

மிரர்லெஸ்: இதில் இடிக்க கண்ணாடியே கிடையாது. கேனன் ஆர் வரிசையில் அதற்கான அடாப்டர் போட்டு இ.எஃப்.-எஸ். லென்ஸை மாட்டலாம், கேமரா தானாக 1.6 அளவுக்கு வெட்டிக்கொள்ளும். நிகான் இசட் வரிசையிலும் அடாப்டர் வழியாக டி.எக்ஸ். லென்ஸ் வேலை செய்யும், தானாக வெட்டிக்கொள்ளும். இந்த இரண்டிலும் அந்த வெட்டு கட்டாயம், நிறுத்த முடியாது. சோனியில் அந்த வெட்டை வைக்கவும் எடுக்கவும் மெனுவில் இடம் உண்டு. கேனனின் இ.எஃப்.-எம். லென்ஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் மன்னிக்கவும். அதை ஆர் வரிசைக்கு மாட்ட வழியில்லை.

நைனாமலை அடிவாரத்தில் எடுத்த படம்

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு படத்தை இழந்துதான் தெரிந்துகொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபுல் ஃப்ரேம் எஸ்.எல்.ஆர். பாடி வாங்கினேன். லென்ஸுக்குக் காசு மிச்சம் இல்லை. பழைய 18-55 மாட்டுமா என்று விற்றவரிடம் கேட்டேன். மாட்டும் என்றார். மாட்டியது. படமும் வந்தது. நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் குடும்பம் நைனாமலைக்குப் போனது. இளசுகள் படியேறிப் பெருமாளைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். ஏற முடியாதவர்கள் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். எண்பது தாண்டிய என் பெரியம்மாவும் அதில் ஒருவர். எல்லோரும் சேர்ந்ததும் பதினோரு பேரை வரிசையாக நிற்க வைத்தேன். பெரியம்மாவை நடுவில் நிற்கச் சொன்னால் கேட்கவில்லை. "நான் ஓரமா நிக்கறேன்டா, பிள்ளைங்க நடுவுல நிக்கட்டும்" என்று இடது கோடியில் போய் நின்றுகொண்டார்.

வ்யூஃபைண்டரில் பதினோரு பேரும் தெரிந்தார்கள். மூன்று முறை அழுத்தினேன். உச்சி வெயிலில் பின்பக்கத் திரை சரியாகத் தெரியவில்லை. படிக்கிற கண்ணாடி காரில் இருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்பது பேர். வலது ஓரத்தில் சித்தப்பா பையனின் தோள் மட்டும். இடது ஓரத்தில் ஒரு கையும் புடவை முந்தானையும். மூன்று படத்திலும் அதே.

என்ன நடந்தது? கேமரா கிராப் லென்ஸைக் கண்டுகொண்டு, நடுப்பகுதியை மட்டும் பதிவு செய்திருக்கிறது. ஆனால் எஸ்.எல்.ஆர். கேமராவின் வ்யூஃபைண்டர் கண்ணாடி வழியாகப் பார்ப்பது. அதில் முழுக் காட்சியும் தெரிந்துகொண்டேதான் இருக்கும். எதுவரை பதிவாகும் என்று உள்ளே ஒரு மெல்லிய கோடு மட்டும் கட்டம் போட்டிருக்கும். அந்தக் கோட்டை நான் கவனிக்கவில்லை. அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, இடமும் வலமுமாகப் போய்விட்டது. ரா ஃபைலில் இருக்குமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பதிவே ஆகாதது எந்த ஃபைலிலும் இருக்காது.

பெரியம்மா அந்தத் தை மாதம் காலமானார். மாலை போட ஒரு படம் வேண்டும் என்று அக்கா என்னிடம்தான் கேட்டாள். குடும்பத்தில் பெரிய கேமரா வைத்திருப்பவன் நான்தானே. கடைசியில் பெரியப்பாவின் குடும்ப ஓய்வூதியப் புத்தகத்தில் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம்.

அந்தத் தானியங்கி வெட்டை நிறுத்திவிட்டு எடுத்திருந்தால் மூலைகள் கறுத்திருக்கும். ஓரம் மங்கலாக இருந்திருக்கும். ஆனால் பெரியம்மா படத்துக்குள் இருந்திருப்பார். கறுப்பை வீட்டில் உட்கார்ந்து வெட்டிக்கொள்ளலாம். விட்டுப்போனதைச் சேர்க்க முடியாது. இன்று நான் சொல்வதில் வேறு எது மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்: எடுத்தவுடன், ஆட்கள் கலைவதற்கு முன், பின்பக்கத் திரையில் தலைகளை எண்ணுங்கள். கவுண்டரை விட்டு நகரும் முன் பணத்தை எண்ணிக்கொள்ளுங்கள் என்று வங்கியில் எழுதி வைத்திருப்பது இதற்கும் பொருந்தும்.

வரவு செலவு

சரி, வெட்டிக்கொண்டாலும் படம் வருகிறதே, அதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம்.

ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு 36 பெருக்கல் 24, ஆக 864 சதுர மி.மீ. கிராப் வெட்டில் கிடைப்பது 23.5 பெருக்கல் 15.6, சுமார் 367. நூற்றுக்கு 42 பங்கு. கேனன் வெட்டில் 38 பங்கு. மெகாபிக்சலும் அதே விகிதத்தில் இறங்கும். 24 மெகாபிக்சல் கேமரா 10 ஆகிவிடும். 30 மெகாபிக்சல் கேனன் 12-க்கும் கீழே வரும். 45 மெகாபிக்சல் பாடி என்றால் 17-லிருந்து 19 வரை மிஞ்சும்.

10 மெகாபிக்சல் போதுமா? என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 24 மெகாபிக்சல் நிகானில் வெட்டிய படம் சுமார் 3900 புள்ளி அகலம். 12 அங்குலத்துக்கு 8 அங்குலம் பிரிண்ட் போட்டால் ஒரு அங்குலத்துக்கு 300-க்கு மேல் புள்ளி. அருமையாக இருக்கும். செய்திமடலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் தாராளம். ஆனால் கல்யாண ஆல்பத்தில் இரண்டு பக்கமும் விரித்துப் போடுகிற 12-க்கு 36 தாளுக்கு அதே படத்தை நீட்டினால் அங்குலத்துக்கு 110 புள்ளிகூட வராது. அங்கே கண்ணுக்குத் தெரியும்.

புள்ளிக் கணக்கைவிட முக்கியமான நஷ்டம் ஒன்று உண்டு. ஃபுல் ஃப்ரேம் எதற்காக வாங்குகிறோம்? பெரிய சென்சார் மொத்தமாக அதிக வெளிச்சத்தை வாங்கும், அதனால் மங்கலான மண்டபத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியாது, பின்னணி இன்னும் மென்மையாகக் கலையும். இந்த லாபம் எல்லாம் அந்தப் பெரிய பரப்பிலிருந்து வருவது. கிராப் லென்ஸ் போட்டுப் பாதிக்கு மேல் மூடிவிட்டால், உங்கள் கையில் இருப்பது எடை கூடிய ஒரு கிராப் கேமராதான். மூன்று படுக்கையறை வீட்டுக்கு வாடகை கொடுத்துவிட்டு ஹாலில் மட்டும் குடியிருப்பது மாதிரி. கொஞ்ச நாளைக்குச் சமாளிக்கலாம். அதையே வாழ்க்கையாக்கிக்கொள்ள வேண்டாம்.

ஆகவே காசு இருக்கும் அளவுக்கு வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் லென்ஸ், பிறகு பாடி. கிராப் கேமரா வைத்திருப்பவர் அடுத்து வாங்கும் லென்ஸை ஃபுல் ஃப்ரேம் லென்ஸாக வாங்கினால் இரண்டிலும் பயன்படும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் பல கம்பெனிகளில் உண்டு, கேனனிலும் நிகானிலும் ஃபுல் ஃப்ரேம் லென்ஸ்களிலேயே மலிவான வரிசையில் வருவது, எடையும் குறைவு. இன்று கிராப் கேமராவில் அது 75, 80 மி.மீ. மாதிரி முகப்படத்துக்கு உதவும். நாளை ஃபுல் ஃப்ரேம் வந்தால் வீட்டுக்குள் எடுக்க உதவும். பாடியை முதலில் வாங்கிவிட்டவர்கள், பழைய லென்ஸை இடைக்காலப் பாலமாக வைத்துக்கொண்டு, அதை மாட்டுவதற்கு ஒரு உருப்படியான லென்ஸுக்குச் சேமியுங்கள்.

பழைய கேமராவை எடைக்குப் போடுகிற விலைக்கு விற்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்க வேண்டும். இறங்கியதை மறுபடி ஏறவும் வேண்டும். நம் வயசுக்குக் கழுத்தில் தொங்குகிற ஒவ்வொரு நூறு கிராமும் கணக்குதான். அங்கே சின்ன கிராப் பாடியும் 18-55-ம் போதும். 18 மி.மீ.யில் வைத்தால் ஃபுல் ஃப்ரேமில் 27 மி.மீ. லென்ஸ் தரும் அகலம் கிடைக்கும். பறவை எடுப்பவர்களுக்கும் கிராப் கேமரா நல்லதே. 300 மி.மீ. லென்ஸ் அதில் 450 மாதிரி நெருங்கிக் காட்டும்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

பத்து நிமிட வேலை. வெள்ளைச் சுவர் முன் நில்லுங்கள். கிராப் லென்ஸை மாட்டுங்கள். தானியங்கி வெட்டை நிறுத்த முடிகிற கேமராவாக இருந்தால் நிறுத்துங்கள். லென்ஸ் முன்னால் இருக்கும் ஹூடையும் தடித்த ஃபில்டரையும் கழற்றுங்கள், அவை கறுப்பை இன்னும் கூட்டும். எஃப் 8-ல் வைத்து 18-லிருந்து 55 வரை ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுங்கள். 18-ல் கறுப்பு வட்டம் தெளிவாகத் தெரியும். ஜூம் செய்யச் செய்யப் பல லென்ஸ்களில் வட்டம் விரிந்து மூலை தெளியத் தொடங்கும். எந்த எண்ணில் தெளிகிறது என்று ஒரு சீட்டில் எழுதி லென்ஸ் மூடியில் ஒட்டுங்கள். டோக்கினாவின் 11-16 கிராப் லென்ஸை 16-ல் வைத்து ஃபுல் ஃப்ரேமில் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. நிகானின் 35 மி.மீ. எஃப் 1.8 டி.எக்ஸ். லென்ஸும் மூலை கொஞ்சம் மங்கினாலும் கிட்டத்தட்ட முழுவதையும் மூடிவிடும். உங்களுடையது எப்படி என்று உங்கள் சுவர்தான் சொல்லும்.

ஒரு பாடியும் ஒரு லென்ஸும் ஒரே இடத்திலிருந்து வராவிட்டால் என்ன என்று யாராவது தயங்கினால், அவர்களுக்கு மா. கிருஷ்ணனை நினைவூட்டுகிறேன். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-லிருந்து கடைசி வரை இயற்கை பற்றி எழுதியவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் புகழ் பெற்றவை. அவர் பயன்படுத்திய கேமரா கடையில் கிடைக்காது. ஒரு கம்பெனியின் பாடி, இன்னொரு கம்பெனியின் லென்ஸ், நடுவே அவரே முட்டுக்கொடுத்து இணைத்த துண்டுகள். அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று அவரே வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். தன் கருவி எதை மூடும், எதை மூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் அது தெரிந்தால் போதும், பொருந்தாதது என்று பீரோவில் பூட்டி வைக்கத் தேவையிருக்காது.

கேள்வி பதில்

கேள்வி: ஃபுல் ஃப்ரேம் லென்ஸைக் கிராப் கேமராவில் போட்டால் தொந்தரவு உண்டா?

பதில்: மவுண்ட் ஒன்றாக இருந்தால் தொந்தரவு இல்லை. பெரிய டார்ச், சின்ன காலண்டர். வட்டம் மிஞ்சித்தான் விழும். காட்சி மட்டும் நெருங்கித் தெரியும்.

கேள்வி: என் 18-55-ல் 18 என்று எழுதியிருப்பது கிராப் கணக்கா, ஃபுல் ஃப்ரேம் கணக்கா?

பதில்: அது லென்ஸின் உண்மையான குவியத் தூரம். எந்தக் கேமராவிலும் மாறாது. கிராப் லென்ஸ் என்றாலும் ஃபுல் ஃப்ரேமோடு ஒப்பிட 1.5-ஆல், கேனன் என்றால் 1.6-ஆல் பெருக்கித்தான் ஆக வேண்டும். ஏற்கெனவே பெருக்கி எழுதியிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எஃப் எண்ணும் வெளிச்சக் கணக்கில் அப்படியே இருக்கும்.

கேள்வி: அப்பாவின் பழைய நிகான் ஃபிலிம் கேமரா லென்ஸ் இருக்கிறது. உதவுமா?

பதில்: 35 மி.மீ. ஃபிலிமுக்குச் செய்தது என்பதால் வட்டம் ஃபுல் ஃப்ரேமை மூடும். ஃபோகஸ்தான் பிரச்சினை. பழைய ஏ.எஃப்., ஏ.எஃப்.-டி. லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசை பாடிகளிலும் கிடையாது. அங்கே கையால் ஃபோகஸ் செய்ய வேண்டும். டி750 போன்ற பாடிகளில் மோட்டார் உண்டு. இசட் வரிசைக்கான எஃப்.டி.இசட். அடாப்டரில் இல்லை. மிகப் பழைய லென்ஸ் என்றால் மாட்டும் முன் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். முன்பின் கண்ணாடியில் நூல் மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் விளக்கில் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு தலைவலி எதற்கு சார், செல்போன் போதாதா?

பதில்: பல பேருக்குப் போதும். நானும் மளிகைச் சீட்டை அதில்தான் எடுக்கிறேன். தூரத்து மேடையில் ஆடும் குழந்தையின் முகம் வேண்டும் என்றால் நல்ல லென்ஸ் வேண்டியிருக்கும். எதில் எடுத்தாலும் ஓரத்தில் நிற்பவரைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

வேன் காலை ஐந்தரைக்கு. மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் வரும்போது நாம் காரவள்ளி அடிவாரத்தில் இருந்தால் நல்ல படம் கிடைக்கும். லென்ஸை முந்தின நாளே சுவரில் சோதித்துவிட்டு வாருங்கள். சந்தேகம் இருப்பவர்கள் இரவு எட்டு மணிக்குள் என் வீட்டுக்கு வரலாம். கிளம்பும் முன் குழுப் படம் உண்டு. யார் எங்கே நின்றாலும், தலைகளை நான் இரண்டு முறை எண்ணுவேன்.